கடலில்லா ஊரார் கடலாடப் போகும் முறை

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் பெங்களூருக்குக் கிழக்கே சென்னைக் கடலும் மேற்கே மங்களூர்க் கடலும் சாலைவழியே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்க, விடுமுறை வந்ததும் அந்நகரத்தார் இரண்டையும் விட்டுவிட்டு ஏறக்குறைய 490 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோகர்ணத்துக்குப் படையெடுப்பது ஆராயத்தக்க வழக்கமாகும். பெங்களூர்த் தமிழரைப் பொறுத்தவரை இதற்கு வலுவான காரணம் உண்டு. சென்னையில் மெரினா இருப்பதைப் போலவே மாம்பலத்தில் சித்தப்பாவும் இருக்கிறார். கடலில் கால் நனைத்தவர் அவர் வீட்டுப் படியேறாமல் திரும்பிய செய்தி, அடுத்த கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு முன்பாகவே பரிமாறப்பட்டுவிடும். கோகர்ணத்தில் சித்தப்பா எவரும் இல்லை.

அதைவிடப் பெரிய வசதி, அவ்வூரில் கோயில் இருப்பது. வட கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த கோகர்ணம், அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். தேவாரம் பெற்ற தலங்களுள் துளுவ நாட்டுக்கு உரியது இது ஒன்றே. ஆகவே ஒரே பயணத்தை வீட்டில் தலயாத்திரை என்றும், அலுவலகத்தில் நெருங்கிய உறவினர் திருமணம் என்றும், நண்பரிடம் பீச் ட்ரிப் என்றும் அறிவிக்க இடமுண்டு. இவற்றுள் நடுவில் உள்ளது மட்டுமே பொய். மகாபலேஸ்வரர் சன்னதிக்குள் அரைக்கால் சட்டை செல்லாது என்பதால், கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களின் பட்டியலில் நீச்சலுடைக்கு மேலே வேட்டி எழுதப்பட வேண்டும். வேட்டியின்றித் தரிசனம் இல்லை. தரிசனமின்றிப் பிரசாதம் இல்லை. பிரசாதமின்றித் திரும்பினால் பாட்டியின் குறுக்கு விசாரணையைத் தாங்கும் வக்கீல் பெங்களூரில் இன்னும் பிறக்கவில்லை.

இப்பயணம் பெரும்பாலும் லாங் வீக்எண்ட் எனப்படும் காலத்தில், அதாவது அரசு விடுமுறை ஒன்று வெள்ளியிலோ திங்களிலோ வந்து விழுந்து சனி ஞாயிறோடு ஒட்டிக்கொள்ளும் நாள்களில் நிகழ்கிறது. நகரமே ஒரே மாலையில் கிளம்புவதால், பயணத்தின் கடினமான பகுதி மலைத்தொடரைக் கடப்பது அன்று, நகர எல்லையைக் கடப்பதே. மடிவாளாவில் புறப்படும் படுக்கைப் பேருந்து சில்க் போர்டிலிருந்து தொடங்கி வழிநெடுக நின்று ஆளேற்றி நெலமங்களாவை எட்டுவதற்குள், அதில் முதலில் ஏறியவர் ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, கோகர்ணம் வந்துவிட்டதாக நினைத்துச் செருப்பைத் தேடியிருப்பார். விவரம் அறிந்தவர் மெட்ரோவில் கொரகுண்டேபாளையா வரை சென்று, அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பர். பேருந்து எங்கே என்று தொலைபேசியில் கேட்கும்போது, ஐந்து நிமிடம் என்ற விடை மூன்றாம் முறையும் மாறாமல் வந்தால், தயங்காமல் காபிக்கும் சொல்லிவிடலாம்.

ரயிலை விரும்புவோருக்குக் கார்வார் செல்லும் பஞ்சகங்கா விரைவு ரயில் உண்டு. சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யாவுக்கும் இடையே மலைச்சரிவில் இறங்கும் 55 கிலோமீட்டர்த் தடத்தில் 57 குகைகள் இருப்பினும், இரவில் கடப்பதால் எது குகை, எது வெளி என்று பிரித்தறிய இயலாது. முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடுவதால், விடுப்புக் கிடைக்குமா என்று மேலாளரைக் கேட்பதற்கு முன் பயணச்சீட்டு எடுத்துவிடுவதே மரபு. கோகர்ணா ரோடு நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால், இறங்கியபின் ஆட்டோவுக்கும் கொஞ்சம் பணமும் நிறையப் பொறுமையும் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

மேற்குக் கரையில் சூரியன் கடலில் மறையுமேயன்றிக் கடலிலிருந்து எழாது. இது பள்ளிப் பாடமே எனினும், மெரினாவில் பழகிய தமிழர் விடியுமுன் குடும்பத்தை எழுப்பி வந்து, கேமராவைக் கடல் நோக்கி நிறுத்திக் காத்திருப்பதும், சூரியன் பின்னால் மலைக்கு மேலே வந்து அவர் பிடரியைச் சுடுவதும் நடக்கக்கூடியவையே. அப்போது, நிழல் முன்னால் நீளமாக விழுவதைக் குழந்தைதான் முதலில் கவனிக்கும்.

ஓம் கடற்கரையின் பெயர்பெற்ற வடிவம் உயரத்திலிருந்து காண்பவருக்கே புலப்படும். எனினும் மணலில் நின்றபடியே அதைக் காற்றில் விரலால் வரைந்து காட்டி, உடன் வந்தோர் தலையாட்டும்வரை விடாதவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உண்டு. அங்கிருந்து ஹாஃப் மூன், பாரடைஸ் கடற்கரைகளுக்குக் குன்றுவழியே நடைபாதை செல்கிறது. மழைக்காலத்தில் அது வழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பதால் நீராடும் ஆசையை அடக்கிக்கொள்வது நலம். உயிர்காவலர் விசில் ஊதினால் அது பக்கத்தில் நிற்பவருக்கு என்று கருதும் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவர வேண்டும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால், அந்நாள்களில் தட்டில் வரும் கானாங்கெளுத்தி நாட்டுப்படகில் வந்ததா, ஐஸ்பெட்டியில் வந்ததா என்று விசாரிப்பதில் தவறில்லை. உண்மையான விடை கிடைக்குமா என்பது வேறு.

கடலோரக் காற்றின் ஈரத்தில் துணி எளிதில் காயாது. பெங்களூரில் கொடியில் போட்டதும் காய்ந்துவிடும் துண்டை நம்பி ஒன்றே ஒன்று கொண்டுவந்தவர், அதைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து படுக்கைப் பேருந்தில் தலைமாட்டில் வைத்துக்கொள்ள, அதன் மணத்தில் மேல்படுக்கைக்காரரும் பங்குபெறுவார். திரும்பும் பேருந்து தாமதமாகி யஷ்வந்த்பூரை அடையும்போது காலை ஏழு ஆகியிருக்கும். ஆட்டோவின் இரவுக் கட்டணமான ஒன்றரை மடங்கு, விதிப்படி ஐந்து மணிக்கே முடிந்துவிடுகிறது. ஆட்டோக்காரர் பையைப் பார்ப்பார், பழுத்த பிடரியைப் பார்ப்பார், மூக்கை ஒருமுறை சுருக்குவார், பிறகு இரண்டு மடங்கு கேட்பார்.