ரகசியம் கேட்டு வந்த பேராண்டிக்கு

ஆயுசு ரகசியம் கேட்டு வந்திருக்கே. நல்லது ராசா, ஆனா வரிசையில நில்லு. 2009-ல ஏதென்ஸ் பல்கலைக்கழகத்து டாக்டருமாரு வந்தாங்க. எண்பதைத் தாண்டின கிழடுகளாப் பார்த்துப் பிடிச்சு, என்ன திங்கிறே, எப்பத் தூங்குறே, எத்தனை காப்பி குடிக்கிறேன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. 2012-ல அமெரிக்காப் பத்திரிகை ஒண்ணு, சாகவே மறந்துபோன சனங்கன்னு எங்களைப் பத்திப் பக்கம் பக்கமாப் போட்டுச்சு. அதுலேர்ந்து கப்பலுக்குக் கப்பல் ஒருத்தன் நோட்டும் பேனாவுமா இந்த இகாரியாத் தீவுல இறங்குறான். இப்ப நீ, பிட்ஸ்பர்க்கிலேர்ந்து.

வந்த அன்னிக்கே உங்க பாட்டிகிட்ட, ஹோர்த்தாவுல என்ன சத்து இருக்குன்னு கேட்டியாமே. "பய நல்லாத்தானே இருந்தான்?"னு என்கிட்ட வந்து கேக்குறா. அது மலையில தானா மொளைக்கிற கீரைடா. சத்து இருக்குன்னு எவன் பறிச்சான்? சட்டியில போட வேற ஒண்ணும் இல்லேன்னு பறிச்சோம். போர்க்காலத்துல இத்தாலிக்காரன் தீவைப் பிடிச்சு வச்சிருந்தப்போ பஞ்சம் வந்து, அந்தக் கீரைக்கும் கிழங்குக்குமே ஆளுக அடிச்சுக்கிட்டதா எங்க ஆத்தா சொல்லுவா. அப்பச் செத்துப்போனவங்களை எந்தப் பத்திரிகைக்காரனும் வந்து எண்ணலே.

சரி, புத்தி கேட்டே, சொல்றேன். ஆனா ஒண்ணு. இந்தத் தீவுக்கு எப்படிப் பேரு வந்துச்சு? இறக்கையை மெழுகுல ஒட்டிக்கிட்டு, சூரியன் பக்கம் போகாதடான்னு அப்பன் அடிச்சுக்கிட்டதைக் காதுல வாங்காமப் போயி, கடல்ல தொபுக்கடீர்னு விழுந்தானே இகாரஸ், அவன் பேரு. பெரியவங்க சொல் கேக்காத பயலுக்கு ஊரையே எழுதி வச்சவங்க நாங்க. அதனால நான் சொல்றதை அப்படியே கேட்டுக்கிட்டேன்னு வையி, நீ வெளியூர்க்காரன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்.

யாருகிட்டயும் வயசு கேக்காதே. கேட்டா சொல்லிருவாங்க, அதுதான் சிக்கல். 2024-ல இங்கிலாந்துல வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்காரர் சால் நியூமன்னு ஒருத்தர் இக் நோபல் வாங்கினார். இக் நோபல்னா, முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்கிற பரிசு. அவர் கண்டுபிடிச்சது என்னன்னா, நூறு தாண்டினவங்க மலிஞ்சு கிடக்கிற ஊரெல்லாம் பிறப்பு இறப்புக் கணக்கு ஒழுங்கா எழுதாத ஊருகளாப் போச்சுங்கிறது. எங்க கிரீஸ் நாட்டுலயும் கடன் நெருக்கடி வந்த நேரத்துல கணக்கைப் புரட்டிப் பார்த்து, செத்தவங்க பேர்ல பென்சன் போயிக்கிட்டு இருந்த கதை சந்தி சிரிச்சுச்சு. எங்களை அளந்தவங்களோ, பிறப்புச் சீட்டைப் பார்த்துத்தான் அளந்தோம்னு அடிச்சுச் சொல்றாங்க. ரெண்டு கட்சியும் வழக்காடட்டும். என் கட்சி இதுதான்: நான் உசிரோட இருக்கேன், மாசாமாசம் பென்சனும் வருது. இதுல எதையும் நீ கிண்டாம இருந்தா நமக்குள்ள சமாதானம்.

இந்தப் பெருமை, நீண்ட ஆயுசுக்காரங்க ஊருன்னு எங்களுக்கு புளூ ஸோன் முத்திரை குத்தின காலத்துல வந்ததும் இல்லே. பதினேழாம் நூற்றாண்டுலயே சாமோஸ் தீவுப் பேராயர் கியோர்கிரினிஸ், லண்டன்ல அச்சான புஸ்தகத்துல, இகாரியாவுல காத்தும் தண்ணியும் நல்லது, நூறு வயசு ஆளுங்களைச் சாதாரணமாப் பார்க்கலாம்னு எழுதியிருக்கார். அதே கையால, இவங்க கட்டில்னு ஒண்ணு இல்லாம தரையில படுக்கிறவங்க, சுத்துப்பட்டுத் தீவுகள்லயே பரம ஏழைங்கன்னும் எழுதியிருக்கார். உன் விளம்பரத்துல முதல் பாதியை மட்டும் போடுவே. எனக்குத் தெரியாதா?

ஆமா, அந்த விளம்பரம். மலை மேல இருக்கிற பழைய கல்லு வீட்டை இடிச்சு, நீண்ட ஆயுசு விடுதி கட்டப் போறியாமே. காலையில மூலிகைத் தேத்தண்ணி, பத்து மணிக்கு ஆட்டுக்காரனோட நடை, மதியம் தூக்கம். தூக்கத்துக்குத் தனிக் கட்டணமா? சும்மா கேட்டேன். வெள்ளைச் சுவரு, நீலக் குவிமாடம் எல்லாம் இங்கே எங்கேன்னு வேற தேடிக்கிட்டு இருந்தியாம். அது சாந்தோரினி ராசா, நீ கப்பல் மாறி ஏறிட்டே. இங்கே வீடு கல்லு, கூரையும் கல்லு. கடற்கொள்ளைக்காரன் காலத்துல எங்க ஆளுங்க கரையை விட்டு ஓடி, பாறைக்கு அடியில பதுங்கின மாதிரி வீடு கட்டினாங்க. ஒத்தை அறை. புகைபோக்கி கிடையாது, புகை தெரிஞ்சா கீழேருந்து மோப்பம் பிடிச்சு ஏறிருவான்னு. நீ கடல் பார்க்கணும்னு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கப் போறே. கடல்லேர்ந்து நீயும் தெரிவேடா.

அந்தப் பதுங்கல் புத்தி இன்னும் எங்க எலும்புல கிடக்கு. ராஹெஸ் கிராமத்துக்குப் பகல்ல சாமான் வாங்கப் போயி, கடையெல்லாம் பூட்டிக் கிடக்கே, யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டுட்டு வந்தியாமே. அங்கே ராத்திரி ஒம்பது பத்துக்கு மேலதான் கடைத்தெரு களைகட்டும். பகல் காட்டு வேலைக்கு, ராத்திரி கடைக்குன்னு பழகின ஊரு. கொள்ளைக்காரனுக்குப் பயந்து பகல்ல வெளியே தலை காட்டாத பழக்கம்தான் மிச்சமிருக்குன்னு சொல்றவங்களும் உண்டு. நடுராத்திரி ஆணி வாங்குறவனைப் பார்த்து நீ சிரிக்கிறே. மதியம் மூணு மணிக்கு வெயில்ல ஆணி வாங்க அலைஞ்ச உன்னைப் பார்த்து ஊரே சிரிச்சது உனக்குத் தெரியாது.

நாங்க ஒரு காலத்துல தனி நாடு, அது தெரியுமா? 1912 ஜூலை 17-ல மலாகியாஸ்னு ஒரு டாக்டர் முன்னால நிக்க, துருக்கிச் சிப்பாய்களைப் பிடிச்சுக் கப்பலேத்தி அனுப்பிட்டு, கொடி, தபால்தலை, நாட்டுப் பாட்டு எல்லாம் வச்சுக்கிட்டோம். நவம்பர்ல கிரீஸ் வந்து சேர்த்துக்கிச்சு. அந்த நாலு மாசத்தை இன்னிக்கும் காப்பிக்கடையில அம்பது வருசம் மாதிரிப் பேசுவாங்க. ஆனா பிட்ஸ்பர்க்ல உங்க ஆளுங்க 1903-லயே இகாரியாக்காரங்க சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க பாரு. எங்களுக்குக் கொடி வருமுன்னே உங்களுக்குச் சந்தா வந்துருச்சு. அதனால, நான் நிஜமான இகாரியாக்காரனான்னு நீ ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்து யோசிக்காதே. சந்தா கட்டுன ரசீது இருக்கில்ல?

காப்பிக்கடையில உன் பேரைச் சொல்லிக்கிட்டு நிக்காதே. அது என் பேரு. உன் பெரியப்பன் மகனுக்கும் அதே பேரு, அத்தை மகனுக்கும் அதே பேரு. தாத்தா பேரை வைக்கிறதுங்கிறது இங்கே சட்டத்துக்கு மேல. கூப்பிட்டா நாலு தலை திரும்பும். அதுக்குத்தான் பட்டப்பேரு. உனக்கும் வச்சாச்சு, நீ அந்த ஆணி வாங்கப் போன அன்னிக்கே. என்னன்னு நான் சொல்ல மாட்டேன். முதுகுக்குப் பின்னால சிரிக்கிறதை விட்டுட்டு மூஞ்சிக்கு நேரா அந்தப் பேரைச் சொல்லி, காப்பி குடிக்க வாடான்னு கூப்பிடுவாங்க பாரு, அன்னிக்கு வந்து என்கிட்ட உன் வேரைப் பத்திப் பேசு.

இப்பப் பனியீரிக்கு வருவோம். சாமி பேர்நாளுக்கு ஊரே கூடுற திருவிழா. அதுக்கு மேசை முன்பதிவு பண்ணணுமான்னு போன் போட்டுக் கேட்டியாம்! வெக்கமா இருக்குடா. போனா உக்காருவே, உக்கார இடமில்லேன்னா எவனாவது நகருவான். ஆடு அவிச்சதும் சுட்டதும் கிலோக் கணக்கு, ஒயின் பாட்டில் கணக்கு. பக்கத்துல உக்கார்ந்தவன் தட்டுல கை வைக்கிறதுக்குக் கணக்கே கிடையாது. நடத்துறது ஊர்ச் சங்கம். சமைக்கிறவன், பரிமாறுறவன், எச்சில் எடுக்கிறவன் எல்லாம் ஊர்க்காரங்க, சம்பளம் இல்லே. வர்ற லாபம் பாதை போட, பள்ளிக்கூடம் பழுது பார்க்க, தண்ணிக் குழாய் மாத்தப் போகும். இந்த மலையில சில ரோடு நாங்க குடிச்சே போட்டது. அதனால குடிக்கும்போது பொதுக் காரியம்னு நினைச்சுக்கோ. பாட்டிகிட்ட மட்டும் அந்தச் சமாதானத்தைச் சொல்லாதே, எடுபடலே. நான் முயற்சி பண்ணியாச்சு.

ஆட்டத்துக்கு வீடியோ பார்த்து அடி பழகுறியாமே. வயலின் பைய ஆரம்பிக்கும், நீயும் பைய ஆரம்பி. வட்டத்துல தோளோட தோள் சேர்த்து நிக்கிறாங்கல்ல, நடுவுல புகுந்துக்கோ. பக்கத்துல நிக்கிறது எண்பது வயசுக் கிழவியா இருந்தா அதிர்ஷ்டம். உன்னைத் தூக்கிட்டே போயிருவா. அந்தப் பக்கம் செங்கொடிக்காரன் இருப்பான். காலையில கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனவனும் அவன்தான், குழப்பிக்காதே. இந்தத் தீவைச் சிவப்புப் பாறைன்னு சொல்றது எதனாலன்னு நினைச்சே? உள்நாட்டுப் போர் நடந்த நேரத்துல 13,000 பேர் வரைக்கும் கம்யூனிஸ்டுன்னு பிடிச்சு இங்கே கடத்தி விட்டுச்சு அரசாங்கம். அப்ப நாங்களே அம்புட்டுப் பேரு இல்லே. மிக்கிஸ் தியோடொராக்கிஸ் கூட, பின்னால உலகமே பாடின பாட்டுக்கு மெட்டுப் போட்டாரே, அவரும் இங்கே தண்டனைக்கு வந்தவர்தான். இவங்களோட பேசாதே, சேராதேன்னு போலீசு சொன்னுச்சு. வீட்டுக்கு வீடு படுக்க இடம் குடுத்தோம். வந்தவன்ல டாக்டர் இருந்தான், வாத்தியார் இருந்தான், எங்களுக்கும் வேண்டியிருந்துச்சு. தண்டனை யாருக்கு, லாபம் யாருக்குன்னு அரசாங்கத்துக்குக் கடைசி வரைக்கும் புரியலே.

ஆனா ஆகஸ்டு 15-ஐ வச்சு எங்களை எடை போடாதே. லங்காதாவுல அன்னிக்கு நடக்கிற பனியீரிக்கு ஏதென்ஸ் இளவட்டம் அம்புட்டும் வந்து குவிஞ்சு, ஊர்க்காரன் உள்ளே நுழைய வெளியூர்க்காரன்கிட்ட வழி கேக்க வேண்டியிருக்கு. சனவரியில வா. காத்து அடிச்சுக் கப்பல் வராது, மருந்து வராது, கடைசி ரொட்டிக்கு மாவு இருக்கான்னு பார்ப்போம். இளசுகள் பிழைப்புக்கு ஏதென்ஸ் போயிருக்கும். மிச்சம் கிழடும் ஆடும். ஆடுன்னு சொன்னதும் இயற்கை, சுதந்திரம்னு படம் எடுக்காதே. மானியம் வருதுன்னு வளர்த்து வளர்த்து அவுத்து விட்டு, இப்ப மலையை மொட்டையா மேஞ்சு வச்சிருக்குது. அந்த மண்ணு மழைக்குக் கடலுக்குப் போகுது. ஆயுசு ஆட்டுக்குத்தான் கூடுதல்.

கடைசியா அந்த வீடு. பழைய கதை ஒண்ணு உண்டு. துருக்கிக்காரன் காலத்துல வரி பிடுங்க வந்த ஆகாவைப் பல்லக்குல தூக்கிட்டுப் போன எங்க ஆளுங்க, சரிவு பார்த்து அப்படியே உருட்டி விட்டுட்டாங்களாம். விசாரிக்க வந்த அதிகாரி ஊரைக் கூட்டி, யாரு செஞ்சதுன்னு கேட்டானாம். "நாங்க எல்லாரும்தான் எசமான்"னாங்களாம். எல்லாரையும் தூக்குல போட்டா வரி குடுக்க ஆளு மிஞ்சாதேன்னு போயிட்டானாம். இந்தக் கதை நடந்துச்சோ இல்லையோ, நிலப்பதிவு ஆபீசுல போயி அந்தக் கல்லு வீடு யாருதுன்னு கேட்டுப் பாரு, அதே பதில்தான் வரும். உன் கொள்ளுத்தாத்தன் உயில் எழுதலே. பிள்ளைகளுக்கு, அவங்க பிள்ளைகளுக்குன்னு பங்கு பிரிஞ்சு, பாதிப் பேரு உங்க பிட்ஸ்பர்க், மீதிப் பேரு பிரேயஸ், ஒருத்தி மெல்போர்ன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு கல்லை நகத்தலாம்.

என் கையெழுத்தா? போடுறேன், போடுறேன், என்ன அவசரம். எனக்குத்தான் ஆயுசு கெட்டியாமே. முதல்ல மேலத்தெருவுல இருக்கிற உன் சின்னத்தாத்தனைப் போயிப் பாரு. அந்த வீட்டுல இப்ப அவர்தான் ஆடு அடைக்கிறார். போகும்போது ஒயின் கொண்டுபோ, நம்ம வீட்டு ஒயின் வேண்டாம், அதை அவர் புளிப்புன்னு சொல்லுவார். முதல் தடவை ஆட்டைப் பத்திப் பேசு. அடுத்த தடவை அவர் முழங்காலைப் பத்தி. வீட்டைப் பத்தி அவரா வாயெடுக்கிற வரைக்கும் நீ வாயெடுக்காதே. அதுக்குள்ள மத்தியானமாயிட்டா கதவைத் தட்டிராதே, தூங்குவார்.