கரடி விடாதீங்க, சார்!

(அமெரிக்காவின் வயோமிங் மாநிலம், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா. ஜூன் மாதக் காலை. சாலையோரம் முப்பது கார்கள் கோணல்மாணலாக நிற்கின்றன. எதிர்ப் புல்வெளியில் ஒரு தாய் கிரிஸ்லி கரடி கிழங்கு தோண்டுகிறது. பக்கத்தில் இரண்டு குட்டிகள். நடுவில் கையை அகல விரித்து நிற்கிறார் ஒரு தன்னார்வலர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்.)

பயணி: கொஞ்சம் தள்ளுங்க சார், கரடியைப் பார்க்கணும்.

தன்னார்வலர்: இங்கிருந்தே தெரியுதே, தம்பி.

பயணி: கரடி தெரியுது. கரடிகூட நான் தெரியலையே!

தன்னார்வலர்: நூறு கெஜம், அதாவது 91 மீட்டர் தள்ளித்தான் நிக்கணும். சட்டம்.

பயணி: கெஜக் கணக்கு துணிக்கடைக்குச் சரி. காட்டுக்கு எதுக்கு?

தன்னார்வலர்: கிரிஸ்லி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். அந்த நூறு கெஜம் அதுக்கு ஆறு வினாடி. 100 மீட்டர் ஓட உசேன் போல்ட்டுக்கே 9.58 வினாடி ஆச்சு. நீங்க எப்படி?

பயணி: (தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு) கரடி விடாதீங்க, சார்!

தன்னார்வலர்: நான் கரடியை விடுறதும் இல்ல, பிடிக்கிறதும் இல்ல. எங்க குழு 2007-லேருந்து பிடிச்சு நிறுத்துறது மனுஷங்களைத்தான்.

பயணி: சம்பளம் எவ்வளவு?

தன்னார்வலர்: சல்லிக்காசு கிடையாது.

பயணி: அப்புறம் ஏன் வெயில்ல நின்னு ஊரார்கிட்டத் திட்டு வாங்கறீங்க?

தன்னார்வலர்: முப்பது வருஷம் வகுப்புல நின்னு 'ஓடாதே, கிட்டப் போகாதே, தின்பண்டத்தைக் கீழே போடாதே'ன்னு சொன்ன நாக்கு. சும்மா இருக்க மாட்டேங்குது.

பயணி: ஒரே ஒரு பிஸ்கட் போடுறேன். பாவம், பசிச்சிருக்கும்.

தன்னார்வலர்: பக்கத்து யெல்லோஸ்டோன்ல ஒரு காலத்துல அப்படித்தான் பாவம் பார்த்தாங்க. குப்பைமேட்டுல கரடிக்கு விருந்து; சுத்தி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மனுஷனுக்கு இருக்கை. சாலையில கார் ஜன்னல் வழியா ஊட்டல் வேற. 1931-லேருந்து 1969 வரைக்கும் வருஷத்துக்குச் சராசரியா 48 பேரைக் கரடி காயப்படுத்துச்சு. 1970-லதான் புது விதிகளோட விருந்துக்கு முற்றுப்புள்ளி வச்சாங்க.

பயணி: அது பழைய கதை. இப்போ கரடிகளே நம்மகிட்டப் பழகிடுச்சே. 399-ன்னு ஒரு கரடி இந்தச் சாலையோரத்துலயே குடும்பம் நடத்துச்சாமே?

தன்னார்வலர்: நடத்துச்சு. 2020-ல நாலு குட்டிகளோட வந்து நின்னுச்சு. உங்க முக அழகுக்காக வரல. ஆண் கரடி குட்டிகளைக் கொன்னுடும். ஆனா கூட்டம் இருக்கற இடத்துக்கு வரத் தயங்கும். அதனால நம்மளை வேலியா வச்சுக்கிச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க.

பயணி: பார்த்தீங்களா! நம்மால அதுக்கு நன்மைதானே?

தன்னார்வலர்: வேலியே பயிரை மேய்ஞ்ச கதையையும் கேட்டுட்டுப் போங்க. அந்த நாலுல ஒண்ணு மனுஷத் தீனிக்குப் பழகி, வீடுகளைச் சுத்த ஆரம்பிச்சுது. 2022-ல அதிகாரிகளே அதைக் கொல்ல வேண்டியதாச்சு. தாய்க்கு 28 வயசு. 2024 அக்டோபர்ல கார் மோதிச் செத்துப்போச்சு.

பயணி: (பிஸ்கட் பாக்கெட்டைப் பைக்குள் திணித்தபடி) சரி... நூறு கெஜத்தை நான் எப்படி அளக்கிறது?

தன்னார்வலர்: கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலைத் தூக்குங்க. கரடி மொத்தமும் விரலுக்குப் பின்னால மறையணும்.

பயணி: காது தெரியுது.

தன்னார்வலர்: பின்னால வாங்க.

பயணி: இப்போ வால்பக்கம் தெரியுது.

தன்னார்வலர்: இன்னும் வாங்க.

பயணி: மறைஞ்சிடுச்சு! ஆனா சார், இப்படிப் படம் எடுத்தா என் விரல்தான் விழும்.

தன்னார்வலர்: விழட்டுமே. விரல் பத்திரமா இருக்குன்னு வீட்டுல சந்தோஷப்படுவாங்க.

பயணி: ஒத்துக்கறேன் சார். கடைசியா ஒரு உதவி. கரடி ஸ்பிரே வாங்கிட்டு வந்தேன். முதுகு எட்டல, கொஞ்சம் அடிச்சு விடுறீங்களா?

தன்னார்வலர்: (கண்ணை இறுக மூடித் திறந்து) தம்பி, அது உடம்புல பூசுற கொசு மருந்து இல்ல. மிளகாய்க் காரம். பாய்ஞ்சு வர்ற கரடிக்கு முன்னால அடிக்கிறது.

பயணி: அப்படியா? (டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு) ஆமா, கரடி எங்கே?

தன்னார்வலர்: நீங்க டப்பாவை எடுத்ததுமே குட்டிகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சு. நூறு கெஜத்தை எப்பவோ தாண்டியாச்சு. அதுக்கு யாரும் கட்டைவிரல் பாடம் நடத்தல.