புலிக்காலும் பன்றிக் கணையமும்

விலங்கின் உறுப்பை மனுஷனுக்கு ஒட்டுகிற வித்தையில் எங்கள் சிதம்பரத்தை யாரும் முந்த முடியாது. பேஷன்ட் பெயர் வியாக்கிரபாதர், முனிவர். சிவபூஜைக்கு, வண்டு வாய் வைப்பதற்குள் பூப்பறிக்க வேண்டும். விடியாத இருட்டு, பனியில் மரம் வழுக்குகிறது. வேறு ஆளாக இருந்தால் ஏணியும் தொரட்டியும் வாங்கியிருப்பார். இவர் சிவனிடம் புலிக்கால், புலிக்கை, இருட்டில் தெரிகிற கண் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டு வாங்கிவிட்டார். ஊரே பெரும்பற்றப்புலியூர் ஆனது. கடலூரில் திருப்பாப்புலியூர், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஓமாம்புலியூர் என்று, முனிவர் செக்கப்புக்குப் போன ஊர்கள் மாதிரி மாவட்டம் முழுக்கப் புலியூர்கள்.

கால் கிடைத்ததுகூடப் பெரிதில்லை. ஒட்டின கால் கழன்று விழாமல் இருந்ததே, அதுதான் அதிசயம்!

1893 டிசம்பரில் பிரிஸ்டலில் இரண்டு டாக்டர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நீரிழிவில் சாகக் கிடந்த 15 வயதுப் பையனின் தோலுக்கடியில், அப்போதுதான் அறுத்த ஆட்டின் கணையத் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். மூன்றே நாளில் பையன் போய்விட்டான். இன்சுலின் கண்டுபிடிக்க இன்னும் 28 வருஷம் இருந்தது. சிரிக்க முடியாத கதை.

ஆடோ பன்றியோ, உயிரணுவின் மேல் ஆல்ஃபா-கால் என்று ஒரு சர்க்கரை உண்டு. நம் மூதாதைக் குரங்குகள் பல லட்சம் தலைமுறைக்கு முன்பே அதைத் தொலைத்துவிட்டன. ஆனால் குடலில் இருக்கிற பாக்டீரியாவிடம் அதே மாதிரிச் சர்க்கரையைத் தினமும் பார்ப்பதால், அதற்கு எதிரான ஆன்டிபாடி நம் ரத்தத்தில் எப்போதும் கம்போடு நிற்கிறது. பன்றி உறுப்பு உள்ளே வந்தால் சில நிமிஷத்தில் அடி விழும். சர்க்கரை வியாதிக்கு மருந்து தேடிப்போனால் அங்கேயும் குறுக்கே நிற்பது ஒரு சர்க்கரை!

கம்போடு நிற்கிற இந்தக் காவல்காரனைத் தூங்கவைக்க மாத்திரை இருக்கிறது. அவன் தூங்கினால் ஊர்க் கிருமியெல்லாம் உள்ளே வரும். ஸ்வீடனில் குரோத் என்பவரின் குழு பன்றிக் கருவின் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளைப் பத்துப் பேருக்கு வைத்து 1994இல் கணக்குக் கொடுத்தது. நாலு பேரின் சிறுநீரில் 200 நாளுக்கு மேல் பன்றி இன்சுலினின் தடயம் வந்தது. ஊசி மட்டும் குறையவில்லை. இன்னொரு கோஷ்டி, கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட்டில் திட்டுகளை உருண்டை பிடித்தது. சர்க்கரையும் இன்சுலினும் போய்வரும் அளவுக்குத்தான் ஓட்டை. காவல்காரன் நுழைய முடியாது. உடம்பு லேசுப்பட்டதா? உருண்டையைச் சுற்றி நாரால் சுவர் கட்டி, உள்ளே இருப்பதை மூச்சுத் திணறவைத்தது. இப்போது அந்த ஆல்ஃபா-கால் சர்க்கரையே இல்லாமல் மரபணு திருத்தின பன்றிகளை வளர்க்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஒருவர் துணிந்தார். 1997இல் அசாமில் தனிராம் பருவா பன்றி இதயத்தை ஒருவருக்கு வைத்தார். ஆள் ஒரு வாரத்தில் இறந்தார், டாக்டர் 40 நாள் ஜெயிலில் இருந்தார். வியாக்கிரபாதருக்குச் செய்தவர் மேல் எந்த வழக்கும் இல்லை.

இதையெல்லாம் மேலவீதி ஓட்டலில் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைத் தூக்கி, தொப்பையைக் கிள்ளிப் பிடித்து, இன்சுலின் பேனாவைக் குத்திக்கொண்டிருந்தார். இலையில் சம்பா சாதம், கத்திரிக்காய் கொத்சு.

“பன்றியா? நாம சுத்த சைவம்டா.”

“80க்கு முன்னாடி நம்ம ஊர்ல போட்ட இன்சுலினெல்லாம் மாடும் பன்றியும்தான் சித்தப்பா. உங்க அப்பாவும் அதைத்தானே போட்டுக்கிட்டார்?”

பேனாவை மூடி வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வந்துச்சுன்னா சொல்லு. உன் சித்திகிட்ட மூச்சு விடாதே.” சர்வரைப் பார்த்துக் கை காட்டினார். “தம்பி, இன்னொரு கரண்டி கொத்சு.”