செஞ்சி வட்டாரத்தில் இன்டெல் – ஏஎம்டி பூசல்: ஒரு கள ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளில் ஒரு பெருங்குறை உண்டு. விஜயநகரத்தார், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் மூன்று மலைக்காக அடித்துக்கொண்டதை விரிவாக எழுதிய அறிஞர் பெருமக்கள், அதே ஊரின் நாலுமுனைச் சந்திப்பில் இன்றும் ஓயாமல் நடக்கும் போரைக் கண்டுகொள்ளவே இல்லை. கேம் ஆடும் கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸர் போடுவதென்றால் இன்டெல்லா, ஏஎம்டியா என்பதே அப்போர். 2025 ஜூலையில் மராட்டியர் படைத்தளங்கள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். அப்போதும்கூட இந்தப் பூசலுக்கு யாரும் ஒரு பலகை வைக்கவில்லை. அந்தக் குறையைக் களைய எழுந்தது இக்கட்டுரை.

கருதுகோள்: ஒருவருடைய ப்ராசஸரை அவர் ஆடும் கேம் தீர்மானிப்பதில்லை, தாய்மாமன் தீர்மானிக்கிறார்.

ஆய்வு எல்லை: கிழக்கே திண்டிவனம், மேற்கே திருவண்ணாமலை, தெற்கே விழுப்புரம், வடக்கே கரண்ட் இருக்கும் வரை. செல்போனில் ஃப்ரீ ஃபயர் ஆடுவோர் இவ்வாய்வில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவர்களுக்கு இதனால் வருத்தமும் இல்லை.

தகவலாளிகள்

தகவலாளி ஒன்று: வயது 19. படிப்பு பாலிடெக்னிக், தொழில் வாலரண்ட். நான்கு கோர் உள்ள ரைசன் 3 3200ஜி, பி450 மதர்போர்டு, நாலு ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஆகியவற்றுக்கு உரிமையாளர். முறையீடு: "கொஞ்ச நாளா செம்ம லேக்கு. எதிர்ல ஆளு வர்றதுக்குள்ள நான் செத்துப் போயிர்றேன்."

தகவலாளி இரண்டு: மேற்படியாரின் தாய்மாமன். இளமையில் சென்னை ரிச்சி தெருவில் பென்டியம் 4 அசெம்பிள் செய்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் செஞ்சி வந்து சேர்ந்தவர். அன்று முதல் அந்த வீட்டில் வேறு கம்பெனியின் பெயர் எடுபட்டதில்லை. மருமகன் வீட்டுக்கு ரைசன் நுழைந்தது, மாமா சபரிமலைக்குப் போயிருந்த வாரத்தில். ஆனாலும் பெரிய மனது. சென்ற ஆயுதபூசைக்கு அந்தக் கம்ப்யூட்டரையும் அவரே வயரெல்லாம் கழற்றி, ப்ளோயர் அடித்து, துடைத்து, திரும்ப மாட்டிச் சந்தனம் வைத்தார். எதிர்க்கட்சி ப்ராசஸர் என்பதற்காகக் குங்குமத்தில் குறை வைத்ததற்குச் சான்றில்லை.

தகவலாளி மூன்று: ஹாஸ்டல் சீனியர். ஏஎம்டி கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளர். ரைசன் வந்த வழி இவரே.

தகவலாளி நான்கு: காந்தி பஜார் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். கொள்கை ஏதுமில்லாதவர். எந்தக் கேள்விக்கும் "எவ்ளோ வச்சிருக்க தம்பி?" என்றே தொடங்குவார்.

இலக்கிய மீளாய்வு

இரு கட்சியாரும் ஒப்புக்கொள்ளாத உண்மை ஒன்றுண்டு. இது பங்காளிச் சண்டை. 1968இல் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் ஃபேர்சைல்ட் கம்பெனியை விட்டு வெளியேறி இன்டெல்லைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அதே ஃபேர்சைல்டிலிருந்து வந்த ஜெர்ரி சாண்டர்ஸும் கூட்டாளிகளும் ஏஎம்டியைத் தொடங்கினார்கள். ஐபிஎம் தன் கம்ப்யூட்டருக்கு வாங்கும் ப்ராசஸரை இன்னொருவரும் செய்துதர வேண்டும் என்று கேட்டதால், 1982இல் இன்டெல்லே தன் வரைபடத்தை ஏஎம்டிக்குக் கொடுத்தது. அதன்பின் கோர்ட்டுக்குப் போகாத ஆண்டு குறைவு. 2009இல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இதற்கிடையில் 2003இல் ஏஎம்டி கொண்டுவந்த 64 பிட் முறையை இன்டெல்லும் ஏற்றுக்கொண்டது. ஆக, மாமாவின் இன்டெல்லுக்குள் ஏஎம்டி இருக்கிறது. மருமகனின் ஏஎம்டிக்குள் 1978ஆம் ஆண்டு 8086 ப்ராசஸரில் தொடங்கிய இன்டெல்லின் எக்ஸ்86 முறை இருக்கிறது. இதைத் தகவலாளி இரண்டிடம் எடுத்துரைத்தபோது அவர், "அதெல்லாம் சும்மா கட்டிவிட்டது சார்" என்று கூறி ஆய்வுக்கு மேலும் ஒத்துழைக்க மறுத்தார்.

இருவர் கணக்கிலும் பழி இருக்கிறது. ஏஎம்டியின் 2011ஆம் ஆண்டு புல்டோசர் வகை எட்டுக் கோர் என்று விற்கப்பட்டது. அதிலிருப்பதை எட்டு என்று எண்ணுவது நியாயமா என்று வழக்குப் போய், 2019இல் ஏஎம்டி 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறையில் உயர்ரக ப்ராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கித் தாமே நோய்ப்பட்டன. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு மருந்து வந்தது. வாரண்டி இரண்டாண்டு நீட்டப்பட்டது. இதைச் சொல்லிச் சிரித்த தகவலாளி மூன்றிடம், 2023இல் ஏஎம்டியின் புது எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில போர்டோடு கருகியதும், பிறகு வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியதும் நினைவூட்டப்பட்டன. அவர் போன் வந்ததுபோல் எழுந்து போனார்.

இங்கே ஒரு பாடபேதத்தையும் குறிப்பிட வேண்டும். தேசிங்கு ராஜன் கதைப்பாடலில் வரும் குதிரை ஒன்றின் பெயர் நீலவேணி. இன்டெல்லின் நிறமும் நீலம். எனவே செஞ்சி மண் இன்டெல்லுக்கே உரியது என்பது மாமா கட்சியின் வாதம். 1714இல் நவாபின் படையை எதிர்த்துப் போன தேசிங்கு உயிரோடு திரும்பவில்லை என்று பதில் வந்ததும் வாதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. கல்யாண மஹாலில் மண்குழாய் வழியாக மாடிக்குத் தண்ணீர் போனதாக வழிகாட்டிகள் சொல்வதை வைத்து, லிக்விட் கூலரின் பிறப்பிடமே செஞ்சிதான் என்றொரு துணைக் கருத்தும் நிலவுகிறது. அக்னி நட்சத்திரத்தில் பாறை ராத்திரி பத்து மணிக்கும் அனல் கக்கும் ஊரில், சாதாரணக் கூலர் எதுவும் அறைச் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோகாது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறோம்.

முற்றுகை இயல்

புது ப்ராசஸருக்கான பணம் தகப்பனாரிடம் இருந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690 தொடங்கி 1698 வரை எட்டாண்டு செஞ்சியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார். தகவலாளி ஒன்று ஒரே செமஸ்டரில் காரியத்தை முடித்தார். கையாண்ட முறைகள்: சாப்பிடாமல் இருத்தல், ஆட்டோகேட் சாஃப்ட்வேருக்கு வேண்டும் எனல், பாட்டியைத் தூது விடல். மூன்றாவது பலித்தது. கோட்டை விழுமுன் மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பியதைப்போல் தகப்பனாரும் கடைசி நேரத்தில் மேல்மலையனூர் அமாவாசைக்குக் கிளம்பிப் பார்த்தார். கூட்டு ரோட்டில் பஸ் கிடைக்காமல் பிடிபட்டார்.

பணம் வந்த பிறகே உண்மையான போர் மூண்டது. மாமா வைத்த வேட்பாளர் இன்டெல் ஐ5 12400எஃப். சீனியர் வைத்தது ரைசன் 5 5600. இரண்டிலும் கோர் ஆறு, த்ரெட் பன்னிரண்டு. இரண்டும் 2022இல் சந்தைக்கு வந்தவை. விலையில் ஐந்நூறு, ஆயிரம் முன்னே பின்னே இருந்தது. வேறுபாடு எல்3 கேஷில்: முன்னதில் 18 எம்பி, பின்னதில் 32 எம்பி. ப்ராசஸர் அடிக்கடி கேட்கும் தரவு கேஷில் இருந்துவிட்டால் ரேம் வரை போய்வரும் நேரம் மிச்சம். கேமுக்கு அந்த மிச்சம் பெரிய உதவி. அதனால்தான் ஏஎம்டி தன் எக்ஸ்3டி வகையில் கேஷின் மேல் கேஷ் அடுக்கி 96 எம்பி ஆக்கியது. ஆனால் இந்த இரு வேட்பாளர்களையும் கேம் ஆட விட்டால், ஃப்ரேம் கணக்கில் கண்ணால் பிரித்தறிய முடியாது. இவ்வளவு சமமான இருவருக்கு இடையில் இவ்வளவு கடுமையான பகை நிலவுவது மானுடவியலாளரும் கவனிக்கத்தக்கது.

கட்டுரையாளர் சார்பற்றவர், ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கம்பெனியைப் பார்ப்பதற்கு முன் வீட்டிலிருக்கும் போர்டைப் பார்க்க வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் முதல் ரைசன் உட்கார்ந்தது. 2022இல் வந்த 5600ம் அதே சாக்கெட்டில் உட்காரும். பையனிடம் இருப்பது பி450. பயாஸ் அப்டேட் செய்தால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்டெல்லுக்குத் தாவினால் போர்டும் புதிது வாங்க வேண்டும். இன்டெல் சாக்கெட் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நம்பக் கூடாது. 1151 என்ற அதே எண்ணை வைத்துக்கொண்டே 2017இல் எட்டாம் தலைமுறையைப் பழைய போர்டுகளில் ஓடவிடாமல் செய்தவர்கள் அவர்கள். மாறாக, அடியோடு புதுக் கம்ப்யூட்டர் கட்டுகிறவருக்கு இந்த நியாயம் பொருந்தாது. அவர் கடையில் அன்றைக்கு எந்த ஜோடி மலிவோ அதை வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், மிச்சம் என்பதே இலக்கியச் சொல்லாகிக்கொண்டிருக்கிறது.

பயாஸ் அப்டேட் பற்றிச் சடங்கியல் குறிப்பு ஒன்று. அது பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடக்கூடும். எனவே தகவலாளி நான்கு ராகுகாலம் பார்க்கிறாரோ இல்லையோ, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் பார்க்காமல் பென் டிரைவைத் தொடுவதில்லை.

பாலம் பற்றிய படலம்

ராஜகிரி ஏறியவர்கள் அறிவார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை பிளந்து நிற்கும். ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். கீழே எத்தனை ஆயிரம் குதிரை நின்றாலும் அந்தப் பாலத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். கேமர்கள் பாட்டில்நெக் என்று வாய்க்கு வாய் சொல்வது இதைத்தான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு அறுபது படத்துக்கு மேல் காட்டாது. ஜிடிஎக்ஸ் 1650 புதுப் பெரிய கேம்களில் அந்த அறுபதுக்கே மூச்சு வாங்கும். பின்னால் எந்தக் கம்பெனி ப்ராசஸரை நிறுத்தினாலும் பாலம் அகலமாகாது. வாலரண்ட் போன்ற இலேசான கேமில், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வைத்திருந்தால், அங்கே ப்ராசஸரின் வேகம் தெரியும். இதைச் சொன்னால் இரு கட்சியும் ஒன்றுசேர்ந்து ஆய்வாளரை அடிக்க வருகின்றன. 2024 அக்டோபரில் இன்டெல்லும் ஏஎம்டியுமே எக்ஸ்86 முறையைக் காக்கக் கூட்டுக் குழு அமைத்ததை ஒப்பிடுக.

களத்தில் நிகழ்ந்தது

தகவலாளிகள் மூவர், தகப்பனார், ஆய்வாளர் என்று ஐந்து பேரும் தகவலாளி நான்கின் கடையில் கூடினோம். கடைக்காரர் முதலில் மிஷினை ஓடவிட்டுச் சூடாக்கினார். ஏஎம்4இல் கால்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். காய்ந்த பேஸ்டோடு கூலரை வெடுக்கென்று இழுத்தால் லாக் போட்டிருக்கும்போதே ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வரும், ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கால்களில் நாலைந்து கோணிக்கொள்ளும். கோணினால் அவரிடம் மைக்ரோடிப் பென்சில் ஒன்று உண்டு. லெட் எடுத்த முனையைக் காலில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்துவார். அன்று அதற்கு அவசியம் வரவில்லை. சூடாகட்டும் என்று கேமைப் போட்டுவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"தம்பி, இந்த எச்டிஎம்ஐ வயரை யாரு மாட்டுனது?"

பதிலில்லை.

"கார்டுல மாட்டாம போர்டுல மாட்டி வச்சிருக்கீங்களே. கார்டு சும்மா லைட்டு எரிஞ்சிட்டு இருக்குது. கேம் பூரா ப்ராசஸர்ல இருக்கிற குட்டி கிராஃபிக்ஸ்ல ஓடுது."

வயரை உருவி நாலு விரல் கீழே இருந்த ஓட்டையில் மாட்டினார். லேக் போயிற்று. எப்போதிலிருந்து லேக் என்று கேட்டதற்கு, ஆயுதபூசைக்குப் பிறகு என்று தகவலாளி ஒன்று சாட்சியம் அளித்தார். எல்லாரும் தகவலாளி இரண்டைப் பார்த்தார்கள். கருதுகோள் இவ்விதமாக, நாம் எதிர்பாராத வழியில் நிறுவப்பட்டது.

மாமா அசரவில்லை. "இதுக்குத்தான் அப்பவே இன்டெல் வாங்குன்னேன். நான் சொன்ன 12400எஃப்ல கிராஃபிக்ஸே கெடையாது. வயரைத் தப்பா மாட்டியிருந்தா படமே வந்திருக்காது, அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்கலாம்" என்றார். ஆய்வாளர் சரிபார்த்ததில் இது முழுக்க உண்மை. உடனே சீனியர், "5600லயும்தான் கிராஃபிக்ஸ் கெடையாது" என்றார். இதுவும் உண்மை.

வாங்க வந்த பணத்தைத் தகப்பனார் எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வயர் மாற்றியதற்குக் கடைக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். அதை மாமா தருவதா, சீனியர் தருவதா என்ற பேச்சு, இக்கட்டுரை அச்சுக்குப் போகும் வரை நீடிக்கிறது.