சாரலும் காப்பி அலமாரியும்: ஒரு கதவை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுப்பது மரபு. காப்பி அலமாரி என்பது பில்டர், டவரா, தம்ளர், பொடி டப்பா, சீனி டப்பா ஆகிய ஐந்தையும் ஒரே இடத்தில் வைப்பதற்காக, வீட்டு ஆண்களில் ஒருவர் கோடை விடுமுறையில் செய்து முடித்துவிடுவதாகச் சொல்லும் மரப்பெட்டி. தென்காசியில் எங்கள் வீட்டு மாதிரியின் அகலம் 30 அங்குலம், உயரம் மூன்றடி, கதவு இரண்டு. மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று.

சுக்குக் காப்பிச் சாமான்களுக்கு இதில் இடமுண்டா என்பது தொடக்கத்திலேயே எழுந்த வழக்கு. அதில் காப்பியே கிடையாது என்பது ஆய்வாளர் கட்சி. பேரில் இருக்கிறதே என்பது ஆய்வாளருடைய தாயார் கட்சி. கருப்பட்டி உள்ளே போனால் எறும்பும் பின்னாலேயே போகும் என்ற துணைவாதத்தின் பலத்தில் மனு தள்ளுபடியானது. சுக்கு, மல்லி, கருப்பட்டி மூன்றும் அடுப்பங்கரைத் திண்டிலேயே தங்கின.

முன்னாய்வுகள் சொற்பம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் மலைவளத்தை விரித்துப் பாடினார். ஆனால் அவர் 18-ஆம் நூற்றாண்டுக்காரர், காப்பிக்கு முந்தியவர். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' காப்பி வந்த கதையைச் சொல்கிறது. பில்டரை எந்தத் தட்டில் வைப்பது என்பதை நம் பொறுப்பில் விட்டுவிட்டது.

மரத்துக்குச் செங்கோட்டை போனேன். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் போயிருந்தால் அது வெளிமாநிலப் பயணம் என்று கட்டுரையில் போட்டுக்கொண்டிருக்கலாம். அன்றுதான் அந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்தது. தேக்கின் விலையைக் கேட்டதும் ஆய்வு மாமரத்தை நோக்கித் திரும்பியது. பலகை காய்ந்ததுதானா என்று கேட்டேன். 'காஞ்சிரும்' என்றார்கள். அந்த விடையில் இருந்த எதிர்காலத்தை நான் கவனிக்கவில்லை.

இங்கே மரத்தின் குணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். மரம் நீளவாக்கில் அனேகமாக அசையாது. அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் அசைவு, வளையத்துக்குக் குறுக்கே ஏற்படுவதைப்போல ஏறத்தாழ இரண்டு பங்கு. இதை அறிந்துதான் தச்சர்கள் கதவை ஒற்றைப் பலகையில் செய்வதில்லை. சட்டம் கூட்டி, சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் அதில் செருகி விடுவார்கள். பலகை காடிக்குள்ளேயே உப்பட்டும், சுருங்கட்டும். வெளிச்சட்டம் தன் அளவிலேயே நிற்கும். நான் 15 அங்குல ஒற்றைப் பலகைகள் இரண்டை எடுத்து, இடையில் அரை நூல் இடைவெளி விட்டு, சித்திரை வெயிலில் கச்சிதமாகப் பூட்டினேன். நூல் என்பது ஆசாரிமார் கணக்கு. எட்டு நூல் ஓர் அங்குலம். கீல்களின் திருகுகள் வெளியே தெரியக் கூடாது என்று உள்பக்கமாக முடுக்கியதைத் தனிச் சாதனையாகவே அப்போது கருதினேன்.

பயன்பாட்டுக் கட்டத்தில் ஒரு கோட்பாட்டுச் சிக்கல் தெரிந்தது. நம் காப்பியில் பாதி பால். பால் அடுப்பில் இருக்கிறது. அலமாரி கூடத்தில் இருக்கிறது. டிகாக்ஷனை அங்கிருந்து எடுத்துவந்து, பாலோடு சேர்த்து, தம்ளரைத் திரும்ப அலமாரிக்குக் கொண்டுபோய், அதன் முன் நின்று குடித்தால்தான் பயன்பாடு முழுமையாகும். அப்படியும் இரண்டு மாதம் குடித்தோம்.

ஆனி பிறந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வந்தது, கூடவே சாரலும். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதென்று ஊரே சந்தோஷப்பட்ட வாரத்தில், அலமாரியைச் சாத்திவிட்டு மூன்று நாள் மதுரைக்குப் போய்வந்தோம். திரும்பி வந்து இழுத்தால் கதவு அசையவில்லை. பலமாக இழுத்ததில் கைப்பிடி மட்டும் வந்தது. பில்டரும் அரைக் கிலோ புதுப்பொடியும் உள்ளே.

எங்கள் ஊர்க் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுது நீக்கிக் காப்பவர்களை விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டிவைத்தான் என்பார்கள். அவன் 15-ஆம் நூற்றாண்டிலேயே முன்கூட்டிச் செய்த காரியத்தை நான் பின்கூட்டிச் செய்தேன், ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கதவு சேருமிடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணும் ஒரு நூலுக்கு மேல உப்பிருக்கு அண்ணாச்சி. ஒடைச்சித்தான் தொறக்கணும்."

"இடையில் வாள் விட்டு அறுத்து, இழைத்துவிடலாமே?"

"சாரல்ல இழைக்கப்பிடாது. இப்பம் ரெண்டு நூல் எடுத்தா, பங்குனில அந்த வழியா எலி குடும்பத்தோட போவும். காயட்டும், தானா விடும்."

எப்போது காயும் என்றேன். அவர் வாசலுக்கு வெளியே மேற்கே பார்த்தார். மலை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா சுக்கைத் தட்டிப்போட்டு, கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, டவரா உள்ளே மாட்டிக்கொண்டதால் குழம்புக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள்.

"பேர்ல காப்பி இருக்குல்லா. குடி."