தளவாடத்தார்

நடக்கப்போகும் தூரம் குறையக் குறைய முதுகுமூட்டை பெருக்க வேண்டும் என்பது தளவாடத்தாரின் கொள்கை. எவரெஸ்டில் ஏறுகிறவர்கள் எடையை நினைத்து விட்டுவிட்டுப் போகிற சாமான்கள்கூட அவரிடம் இருக்கும். அத்தனையையும் சுமந்துகொண்டு அவர் போய்ச் சேரும் இடமோ, பெரும்பாலும் காரை நிறுத்திய இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

அமெரிக்கத் தமிழரிடையே இவர்கள் பெருகி வருகிறார்கள். நாற்பதைத் தாண்டிய வயது, மென்பொருள் வேலை. ஏதோ ஒரு வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டர் கொலஸ்ட்ரால் கணக்கைப் பார்த்துவிட்டு, தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருப்பார். வெறுங்காலோடு நடக்க முடியுமா? ஷூ வாங்கப் போனார். ஷூவுக்கு ஏற்ற சாக்ஸ், சாக்ஸுக்கு ஏற்ற கால்சட்டை (முழங்காலில் ஜிப் இருக்கும், கீழ்ப்பாதியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம்), கால்சட்டைக்கு ஏற்ற பெல்ட், பெல்ட்டில் மாட்டக் கத்தி என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. டாக்டர் சொன்ன நடைதான் இன்னும் தொடங்கவில்லை.

எனக்குத் தெரிந்த தளவாடத்தார் ஹூஸ்டன்வாசி. ஹூஸ்டனில் மலை கிடையாது. மேட்டில் ஏற ஆசைப்பட்டால் மேம்பாலத்துக்குத்தான் போகவேண்டும். இருந்தும் அவர் வீட்டுக் கராஜில் காருக்கு இடமில்லை. கார் வெளியே வெயிலில் காய, கூடாரங்கள் உள்ளே நிழலில் இருக்கின்றன. "இந்தக் காசுக்கு ஒரு மலையையே வாங்கியிருக்கலாம். சாமானையெல்லாம் அங்கயே போட்டு வச்சிருக்கலாம்" என்பது அவர் மனைவியின் கருத்து.

மலை இல்லாத குறையைத் தீர்க்க, நீண்ட வார இறுதி வந்தால் லாஸ் வேகஸுக்கு விமானம் ஏறி, அங்கே மினிவேன் வாடகைக்கு எடுத்து, யூட்டா மாநிலத்துச் செம்பாறைப் பாலைநிலத்துக்குப் போவார். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்துகொள்ளும். மற்றவர்கள் பெட்டியில் துணிமணி இருக்கும். இவர் பெட்டியில் தளவாடம். விமானக்காரர்கள் விதித்த 23 கிலோவைத் தாண்டாமலிருக்க அதை நிறுத்து நிறுத்துப் பார்த்து, கடைசியில் தன் சட்டைகளையெல்லாம் மனைவியின் பெட்டிக்கு நாடு கடத்துவார். அப்படியும் இந்த முறை ஹெல்மெட்டுக்கு இடம் இல்லாமல் போயிற்று. அந்தத் துயரத்தோடுதான் வந்திருந்தார்.

தங்கியது கானாப் என்ற சிற்றூரில். ஒரு காலத்தில் ஹாலிவுட்டின் கௌபாய் படங்கள் வரிசையாக எடுக்கப்பட்ட ஊர். இப்போது அங்கே ஜனங்கள் வருவது பக்கத்து அரிசோனா எல்லைக்குள் இருக்கும் 'தி வேவ்' என்ற அலைப்பாறைக்காக. ஒரு நாளைக்கு 64 பேருக்குத்தான் அனுமதி. அதையும் குலுக்கல் போட்டுத் தருகிறார்கள். பெயர் விழாவிட்டாலும் விண்ணப்பக் கட்டணம் 9 டாலர் திரும்பாது. தளவாடத்தார் விடாமல் விண்ணப்பித்து வருகிறார், பெயர் விழுந்ததேயில்லை. எனக்கென்னவோ அவர் அதற்காக உள்ளூர மகிழ்கிறார் என்றுதான் படுகிறது. வேவுக்குப் போய்வர நாள் பூராவும் மணலில் நடக்கவேண்டும். அவ்வளவு நடந்தால் மூட்டையை யார் தூக்குவது?

குலுக்கலில் தோற்றவர்களுக்கு ஆறுதல் பரிசாக இருக்கிறது மணற்குகை. கானாபிலிருந்து வடக்கே 89ஆம் எண் நெடுஞ்சாலையில் ஐந்து மைல் போனால், சாலையை ஒட்டிய செங்குத்தான மணற்பாறையில் வரிசையாகப் பெரிய பெரிய வாசல்கள் தெரியும். சாலையோர மண்தரையில் வண்டியை நிறுத்தி, பாறைச் சரிவில் ஏறி, விளிம்போடு நடந்தால் குகை. போய்வர ஒரு மைலுக்குள்தான். கட்டணம் கிடையாது, குலுக்கலும் கிடையாது.

வண்டியை விட்டு இறங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கிளம்ப முக்கால் மணி நேரம்.

"அண்ணா, அதோ தெரியுதே, அதுதானே குகை?" என்றான் கூட வந்த இளைஞன். வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆனவன், இந்த மாதிரிப் பயணம் அவனுக்கு இதுவே முதல்முறை.

"தெரியும் தம்பி. பாலைவனத்துல கண்ணுக்குத் தெரியற தூரத்தை நம்பக் கூடாது."

சியாட்டிலின் மவுண்டனியர்ஸ் சங்கத்தார் 1930களில், மலைக்குப் போகிறவன் கையோடு வைத்திருக்க வேண்டியவை என்று பத்துப் பொருள்களைப் பட்டியலிட்டார்கள். வரைபடம், திசைகாட்டி, டார்ச், தீப்பெட்டி, முதலுதவி என்று போகும். நம்மவரிடம் பத்தும் உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு. அவை போக அவசரத்துக்குப் போர்த்திக்கொள்ள வெள்ளித்தாள் போர்வை, சாட்டிலைட் வழியே சேதி அனுப்பும் கருவி, விசில், எலக்ட்ரால் பொட்டலங்கள். ஓடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஃபில்டரும் இருந்தது. ஓடைதான் இல்லை.

பாலைவனத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று தேசியப் பூங்காக்காரர்கள் சொல்கிறார்கள். அது நியாயமான அறிவுரை. அந்த வெயிலில் ஒரு சின்னப் பாட்டிலை நம்பிப் போய் மயங்கி விழுகிறவர்கள் வருடந்தோறும் உண்டு, இதில் நான் தளவாடத்தார் கட்சி. ஆனால் அவர் அந்த நான்கு லிட்டரை அரைமணி நடைக்கும் குறைக்க மறுத்தார். தண்ணீர்ப் பையை முதுகில் ஏற்றி, குழாயைத் தோள்மேல் இழுத்து வாயருகே மாட்டிக்கொண்டு, அதன் வரலாற்றையும் சொன்னார். 1980களின் இறுதியில் டெக்ஸாஸின் விச்சிட்டா ஃபால்ஸில் கடும் கோடையில் நடந்த நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்கு, ஆம்புலன்ஸில் வேலை பார்த்த மைக்கேல் ஐட்சன் என்பவர் ஆஸ்பத்திரி டிரிப் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீள சாக்ஸுக்குள் நுழைத்து முதுகில் மாட்டிக்கொண்டு போனார். கேமல்பேக் என்ற இந்தத் தண்ணீர்ப் பை பிறந்த கதை அதுதான். இருக்கிற சாக்ஸை வைத்துச் சமாளித்த ஒருவரின் கதை, எதையும் கடையில் வாங்காமல் தொடாத ஒருவருக்கு இவ்வளவு பிடித்திருப்பது விநோதம்தான்.

"அப்பா, சிப்ஸ் இருக்கா?"

இல்லை. புரதக் கட்டிதான் இருந்தது. முறுக்கு அம்மாவின் கைப்பையிலிருந்து வந்தது. தளவாடத்தாரும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்து வழவழப் பாறைக்கு 'ஸ்லிக்ராக்' என்று பெயர் வைத்தவர்கள் அங்கே குடியேறிய வெள்ளையர்கள். இரும்பு லாடம் கட்டிய குதிரைகள் அதில் வழுக்கின. ரப்பர் காலணிக்கோ அது பிரமாதமாகப் பிடிக்கும். சாதாரண கான்வாஸ் ஷூ போட்ட குழந்தைகள் விறுவிறுவென்று ஏறிவிட்டார்கள். தளவாடத்தார் கையில் இரண்டு ஊன்றுகோல்கள். நுனியில் கெட்டியான உலோகக் கூர். குதிரைக்கு நடந்தது கோலுக்கும் நடந்தது. ஊன்றின இடத்திலெல்லாம் கீச்சென்று சறுக்கி, பாறையில் வெள்ளைக் கோடு போட்டது. கோலை விட்டுவிட்டுப் பாறையைப் பிடித்தால் ஏறிவிடலாம். பிடிக்கக் கை காலியாக இல்லை. கடைசியில் இளைஞன் இறங்கி வந்து கோல்களை வாங்கிக்கொண்டான், அவர் நாலு காலில் ஏறினார்.

உள்ளே போனதும் ஒரு நிமிடம் அவரும்கூடப் பேசவில்லை. கண்டிப்பாகப் பார்க்கவேண்டிய இடம்தான். அறைக்குள் அறையாகக் குடைந்த பாறை, மணற்தரை, வாசலுக்கு வாசல் வெயில் விழுந்து சுவரெல்லாம் ஆரஞ்சும் சிவப்பும். டைனோசர்கள் திரிந்த காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிப் பாறையானவை. நவாஹோ மணற்கல் என்பார்கள். சீயோன் தேசியப் பூங்காவின் பிரம்மாண்டமான மலைச்சுவர்களும், குலுக்கலில் கிடைக்காத அந்த வேவும் இதே கல்தான். சிவப்பு, இரும்புத் துருவின் நிறம். கல் மென்மையானது என்பதால் ஆணியோ சாவியோ கிடைத்தவர்கள் எல்லாம் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு விசா தேவைப்படுவதில்லை.

பட்டப்பகலில், அத்தனை வாசல் வெளிச்சத்தில், தளவாடத்தார் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டார். குரல் தணிந்து கனத்தது.

"ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி பூர்வகுடிகள் இங்க குளிர் காய்ஞ்சிருப்பாங்க. இந்தச் சுவரைத் தொட்டுப் பாரு தம்பி. அவங்க கை பட்ட இடம்."

தம்பி தொட்டுப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "இல்லைங்கண்ணா, இது 1970கள்ல வெட்டினது. கண்ணாடி செய்ய மணல் எடுத்திருக்காங்க. ராத்திரி ஹோட்டல்ல படிச்சேன்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. மணல் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் தோண்டின பள்ளம் சுற்றுலாத் தலமாகிவிட்டது. குகை தளவாடத்தாரைவிட மிஞ்சிப் போனால் சில வயது மூத்தது. வேறு ஒருவராக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். அவர் விளக்கைக் கூரைப்பக்கம் திருப்பினார்.

"அப்போ இது சுரங்கம். சுரங்கத்துக்குள்ள ஹெல்மெட் இல்லாம வரவே கூடாது. நான் அப்பவே சொன்னேன்" என்று மனைவியைப் பார்த்தார்.

"சொன்னீங்க. குகைன்னு சொன்னீங்க."

இறங்கும்போதுதான் அது நடந்தது. அவருடைய வலது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து முதலை வாயாகத் திறந்தது. உயர்ந்த ரக மலையேற்ற ஷூ. வாங்கிப் பல வருடம் ஆகியும் புழுதி படாமல், அட்டைப்பெட்டிக்குள் மெல்லிய காகிதம் சுற்றிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அப்படிப் பொத்தி வைத்ததில்தான் வினை. இவ்வகை ஷூக்களின் அடித்தளத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே பாலியூரித்தேன் மெத்தை ஒன்று இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போட்டு நடந்துகொண்டிருந்தால் நாள் தள்ளும், பெட்டியில் மூடி வைத்தால் சீக்கிரம் உதிரும் என்கிறார்கள் காலணிக்காரர்கள். ஹூஸ்டனின் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் துளியும் இல்லை. இத்தனை வருடம் காத்திருந்த ஆபத்து ஒருவழியாக அவரைத் தேடி வந்துவிட்டது.

"யாரும் பதறாதீங்க!" என்றார். யாரும் பதறவில்லை. முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

எல்லோரையும் நிழலில் உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஒட்டி வைத்திருந்த டக்ட் டேப்பைச் சர்ரென்று உரித்தார். அது பாட்டிலில் எத்தனை காலமாக இருந்ததோ, பிரிந்து வர மனமில்லாமல்தான் வந்தது. ஷூவைச் சுற்றி நாலு சுற்று, குறுக்கே இரண்டு. கட்டு போட்டு முடிப்பதற்குள் இடது ஷூவும் வாயைத் திறந்தது. அதற்கும் கட்டு. பிறகு சாட்டிலைட் கருவியைக் கையில் எடுத்து யோசனையாக நின்றார்.

"ஒரு சேதி அனுப்பி வச்சிடலாமான்னு பாக்கறேன். சும்மா, முன்னெச்சரிக்கையா."

"என்னங்க, ரோடு அதோ தெரியுது. நம்ம வண்டி அதோ நிக்குது. சாவியைக் குடுங்க, நாங்க ஏ.சி. போட்டு உக்கார்றோம்."

அன்று சாயங்காலம் கானாபில் ஒரு தளவாடக் கடையில் புது ஷூ வாங்கினார். ஷூவோடு விட்டிருந்தால் அவர் தளவாடத்தார் ஆவாரா? மறுநாள் பிரைஸ் கேன்யன். எட்டாயிரம் அடிக்கு மேலே, மூச்சு முட்டுமாம். ஆக்ஸிஜன் டப்பா இருக்கிறதா என்று விசாரித்தார். வழியில் பனி கிடக்கலாம், ஷூவில் மாட்டும் இரும்பு முள்ளும் வேண்டும்.

மனைவி செல்போனைத் தூக்கிக் காட்டினாள். "நாளைக்கு நாம நடக்கப் போறது சன்செட் பாயிண்ட்லேர்ந்து சன்ரைஸ் பாயிண்ட் வரைக்கும், அரை மைல். தார் போட்ட பாதைங்க. வீல் சேர்லயே போறாங்களாம்."

தளவாடத்தார் செல்போனை வாங்கி உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, பஞ்சர் ஒட்டும் சாமான் எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டார்.

"யாருக்காவது நடுவழியில டயர் இறங்கிட்டா?" என்றார் எங்களிடம்.