மூட்டையைத் தூக்குவதா, பிள்ளையைத் தூக்குவதா?

பிள்ளைகளோடு மலையேறப் போகிறோம் என்று வீட்டில் வாயைத் திறந்தால் முதலில் வருவது ஒரு "ஐயோ". "பச்சைப் பிள்ளை, அது எப்படிடா நடக்கும்?" என்று பாட்டி ஆரம்பிப்பார். சித்தப்பா கொஞ்சம் முற்போக்கு. "தாராளமா போயிட்டு வாங்க, வண்டி மேல வரைக்கும் போகும்ல?" என்பார். வண்டி மேலே வரைக்கும் போகிற மலையைப் பற்றி நான் பேசவில்லை. இ-பாஸ் எடுத்து, கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு முறை பிள்ளையை வாந்தியெடுக்க வைத்து, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்று, வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு இறங்குவதற்குப் பெயர் மலைக்குப் போவதா என்ன? மலைமேல் இருக்கிற கடைத்தெருவுக்குப் போய் வருவது. முதுகில் பை, வழிக்குச் சோறு, ராத்தங்கல் எங்கேயோ மரத்தடிக் கூடாரத்தில், என்று கால்நடையாகப் போகிற போக்கைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிள்ளைகள் லாயக்கில்லை என்று ஊரே ஏகமனதாகத் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறது. லாயக்கில்லாதவர்கள் கூடப் போகும் பெரியவர்கள் என்பது என் கட்சி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அவர்கள் கட்டுகிற மூட்டை.

முதலில் முதுகை எடுத்துக்கொள்வோம். எல்.கே.ஜி. சேர்ந்த நாள் முதல் தினமும் பை தூக்கிப் பழகிய இன்னொரு மலையேறும் கூட்டத்தை உலகத்தில் யாராவது காட்ட முடியுமா? தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, பாடப்புத்தகம், அதற்கொரு நோட்டு, அந்த நோட்டுக்கொரு ரஃப் நோட்டு, இதையெல்லாம் கொண்டுவந்தாயா என்று எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு டைரி. வகுப்பறை கட்டாயம் இரண்டாவது மாடியில்தான் இருக்கும். நிலைமை முற்றி, 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றது தீர்ப்பு. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு கிலோக் கணக்கே போட்டுக் கொடுத்தது: முதலிரண்டு வகுப்புக்கு ஒன்றரை கிலோ, மூன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு முதல் மூன்று கிலோ, பத்தாம் வகுப்புக்கு ஐந்து கிலோ. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கையும் பத்தில் ஒரு பங்கைத்தான் பிடித்துக்கொண்டது. மலையேறும் கலையில் ஊறியவர்கள் சிறு பிள்ளைக்குச் சொல்கிற அளவும் ஏறக்குறைய இதேதான். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரை கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, சின்ன டார்ச், நாலு கடலை மிட்டாய் போட்டும் அதில் இடம் மிஞ்சும். பள்ளிக்கூட வாசலில் இதைவிடக் கனமான பையை நாமே மாட்டிவிட்டு, "ஓடு, பெல் அடிச்சிடுச்சு" என்று விரட்டியபோது இந்த "ஐயோ" எங்கே போயிருந்தது?

முதுகு சரி, கால்? இங்கேயும் சாட்சி பிள்ளைகள் பக்கம்தான். பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்களையும், தனிப் பயிற்சி இல்லாத பெரியவர்களையும், நெடுந்தூரப் போட்டிகளில் பழகிய வீரர்களையும் சைக்கிள் மிதிக்கவிட்டு யார் எவ்வளவு சீக்கிரம் களைக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் தெளிகிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். பையன்கள் நின்றது வீரர்களின் வரிசையில். களைப்பு தெளிவதில் சில அளவுகளில் வீரர்களையே தாண்டியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு "கால் வலிக்குது" என்று சுருண்டு படுத்த பிள்ளை ஐந்தே காலுக்கு சோபாவின் கைப்பிடியிலிருந்து குதிப்பதன் மர்மத்துக்கு இப்படியாக விளக்கம் கிடைத்தாயிற்று. ஆபீஸ் நாற்காலியில் பதினைந்து வருஷம் ஊறிய அப்பா எந்த வரிசை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பாதையில் ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மலை நடைக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வாய்பாடு சொன்னார். சமதளத்தில் மணிக்கு மூன்று மைல், அதன்மேல் ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிற கணக்குதான். ஆனால் அதில் ரயில் பூச்சிக்கு இடமில்லை. பெரியவர்கள் மரவட்டை என்று தாண்டிப் போகிற ஜந்து பிள்ளைக்கு ரயில் பூச்சி. ரயில் வந்தால் நிற்க வேண்டாமா? குத்துக்காலிட்டு உட்கார்ந்தாகிவிட்டது. நூற்றுக்கணக்கான கால்கள் அலை அடிப்பதுபோல் பின்னிருந்து முன்னாக அசைகின்றன. ஒரு சுள்ளியின் நுனியால் லேசாகத் தொட்டால் படக்கென்று சுருண்டு, கறுத்துப் பளபளக்கும் பழைய காலணா மாதிரி கிடக்கிறது. அது மறுபடி விரிந்து புறப்படும்வரை பிள்ளையை அசைக்க எந்த வாய்பாட்டாலும் ஆகாது. இதைத்தான் "பிள்ளை நடக்க மாட்டேங்குது" என்று ஊரில் வந்து சொல்கிறோம். பிள்ளை நடக்கத்தான் வந்தது, பார்க்கவும் வந்தது. உச்சிக்கு ஒன்பது மணிக்குள் போய் நின்று செல்பி எடுத்தாக வேண்டும் என்கிற அவசரம் யாருடையது?

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அது நூறு தடவை கேட்கிறதே என்பார்கள். கேட்கட்டுமே. நாம் சொல்லும் பதிலில் அல்லவா கோளாறு? "இதோ வந்துடுச்சு" என்கிறோம். வழிகாட்டியைக் கேட்டால் "பக்கந்தான்" என்பார். மலையில் பிறந்து வளர்ந்தவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே பக்கந்தான். கூப்பிடு தூரம் என்பது கூப்பிடுகிறவரின் தொண்டையைப் பொறுத்த அளவை. முதல் "இதோ"வைப் பிள்ளை நம்புகிறது, இரண்டாவதையும் நம்புகிறது. மூன்றாவது தடவை பாறைமேல் உட்கார்ந்துவிடுகிறது. கால் ஓய்ந்து உட்காரவில்லை. நம்பிக்கை போய் உட்கார்ந்திருக்கிறது.

இனி மூட்டைக்கு வருகிறேன். பெற்றோரின் பையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சாமான் இருக்காது, அத்தனையும் "ஒருவேளை"களாக இருக்கும். ஒருவேளை மழை வந்தால் என்று மூன்று செட் துணி, ஒருவேளை அதுவும் நனைந்தால் என்று நாலாவது செட். அந்தத் தலையணை இல்லாமல் தூங்க மாட்டான் என்று ஒரு தலையணை. அங்கே கிடைப்பது பிடிக்காமல் போனால் என்று ஊறுகாய், அதுவும் கண்ணாடி பாட்டிலில். வெந்நீர் வைக்க மின்சாரக் கெட்டில், மின்சாரம் கிடையாது என்று தெரிந்தே. போரடித்தால் என்று டேப்லெட், அதற்கு உயிர் கொடுக்க செங்கல் கனத்தில் பவர் பேங்க். பயத்துக்கு எடை உண்டா என்று யாராவது கேட்டால் சமையலறைத் தராசில் இந்தப் பையை ஏற்றிக் காட்டலாம். 70 கிலோ ஆளுக்கு 14 கிலோ, அதாவது உடலெடையில் ஐந்தில் ஒன்று, என்பதே மலையில் தாராளமான சுமை. நம் பை 14-ஐ எப்போதோ தாண்டியாயிற்று. அம்மா இன்னும் சப்பாத்திக் கட்டையை வைத்துக்கொண்டு யோசித்தபடி நிற்கிறார்.

இதற்கு மருந்து வெளிநாட்டுப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, ஒவ்வொரு கார்த்திகையிலும் நம் தெருவிலேயே கட்டுகிறார்கள். சபரிமலைக்குக் கட்டுகிற இருமுடி என்ற பெயரிலேயே கணக்கு இருக்கிறது. முன்முடியில் சாமிக்கு உரியது: தேங்காயின் கண்ணைத் துளைத்து, இளநீரை வடித்து, உருக்கிய நெய்யை ஊற்றித் தக்கை வைத்து அடைத்த நெய்த்தேங்காய், கூடக் கொஞ்சம் பூஜைச் சாமான். பின்முடியில் வழிக்கு ஆகிற அரிசி, பருப்பு. அவ்வளவுதான். "ஒருவேளை"க்கென்று மூன்றாவது முடி கிடையாது. இதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு வயதுக் கன்னிச்சாமி பம்பையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றத்தையெல்லாம் தாண்டிப் போகிறான். பக்கத்திலேயே ஏழு வயது மாளிகைப்புறமும் போகிறாள். "பச்சைப் பிள்ளை எப்படிடா நடக்கும்" என்று கேட்ட அதே பாட்டிதான் கண்ணில் நீர் தளும்ப அரிசி போட்டு வழியனுப்பி வைத்தவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அது பக்தி, ஐயப்பன் பார்த்துக்கொள்வார், உங்கள் டிரெக்கிங்கை யார் பார்த்துக்கொள்வது என்று எதிர்க்கேள்வி வரும். பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்தியோடு ஒரு மண்டலமும் சேர்ந்து வருகிறதே. 41 நாள் விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல், எளிய சாப்பாடு, சம்பிரதாயம் பார்க்கிற வீடு என்றால் வெறுங்கால் நடை. இதைத்தான் இங்கிலீஷில் டிரெய்னிங் என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள். நம் டிரெக்கிங் குடும்பம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஷூ வாங்கி, சனிக்கிழமை காலை மலையேறி, மத்தியானம் கொப்புளத்தை எண்ணுகிறது. ஆனாலும் எதிர்க்கேள்வியில் ஒரு பாதி சரி. சபரிமலைப் பாதையில் வழியெங்கும் வெளிச்சம், கடை, மருத்துவ உதவி, முன்னும் பின்னும் ஆயிரம் சாமிகள். காட்டுப் பாதையில் அது எதுவும் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ 23 உயிர்களைக் குடித்த பிறகு இந்த விஷயத்தில் யாரும் விளையாட்டாகப் பேச முடியாது, நானும் பேசமாட்டேன். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு திறந்துவிட்டிருக்கிறது. பிள்ளையோடு போகிறவருக்கு எளிதே போதும். கடினத்தில் ஏறிக் காட்ட வேண்டிய கட்டாயம் பிள்ளைக்கு இல்லை, அப்பாவுக்குத்தான் இருக்கிறது. தெலங்கானாவின் மாலாவத் பூர்ணா 13 வயதில் எவரெஸ்ட் ஏறவில்லையா என்று அவர் கேட்பார். ஏறினார், 2014-இல். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார் என்பதை அப்பா சொல்லமாட்டார்.

"ஒருவேளை"களில் சில நேர்மையானவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும். கோவையில் 30 டிகிரி வெயிலில் பனியனோடு வண்டி ஏறிய பிள்ளைக்கு 2,637 மீட்டர் தொட்டபெட்டாவில் 15 டிகிரிதான் காத்திருக்கும். சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால் சூடும் சீக்கிரம் போய்விடும். விளையாட்டு மும்முரத்தில் குளிருகிறது என்று அது சொல்லவும் சொல்லாது. எனவே ஸ்வெட்டர், மழைக்கோட்டு, காய்ச்சல் மருந்து, தண்ணீர் ஆகியவற்றோடு எனக்குச் சண்டையில்லை. இமயமலையில் மூவாயிரம், நாலாயிரம் மீட்டருக்கு மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போவதற்கு நான் வக்காலத்து வாங்கவும் இல்லை. உயரத்தால் வருகிற தலைவலியை "தலை வலிக்குது" என்று சொல்லத் தெரிய வேண்டுமே.

ஆனால் அட்டைக்குப் பயந்து போகாமல் இருப்பது வேறு. மழைக்காலச் சோலையில் அட்டை இல்லாமல் இராது. இலை நுனியில் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, முன்பக்கத்தைத் தூக்கிக் காற்றில் துழாவும். மூச்சும் சூடும் வரும் திசை தெரிந்ததும் வில்லாய் வளைந்து வளைந்து வரும். கடித்தாலும் வலிக்காது, ரத்தம் உறையவிடாத சத்து அதன் எச்சிலில் இருப்பதால் வடிவது மட்டும் கொஞ்ச நேரம் நிற்காது. ஒரு பொட்டலம் உப்போ சுண்ணாம்போ போதும். அம்மா போடுகிற கூச்சலில் அட்டையின் காது செவிடாகும், காது இருந்தால். பிள்ளையோ கணுக்காலில் அது எவ்வளவு பருத்திருக்கிறது என்று விரலால் அளந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமை வகுப்பில் காட்டத் தழும்பு வேண்டுமே.

கடைசியாக, எல்லா வாதத்தையும் தவிடுபொடியாக்குகிற ஒரே ஒரு ஆட்சேபம் இருக்கிறது. அதைப் பெரியவர்கள் எழுப்புவதில்லை, பிள்ளையே எழுப்புகிறது. பாதி ஏற்றத்தில் நின்று, இரண்டு கையையும் மேலே நீட்டி, "தூக்கு" என்கிறது. ஆராய்ச்சி, நீதிமன்றம், நெய்ஸ்மித் யாரும் இதற்குப் பதில் சொன்னதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை சுமார் 18 கிலோ. அப்பாவுக்கு அனுமதித்த சுமையே 14 கிலோ. பையையும் சுமந்து பிள்ளையையும் சுமக்கக் கணக்கு இடம் தராது. ஏதாவது ஒன்றை வீட்டில் விட்டுவந்திருக்க வேண்டும், அந்த ஒன்று பிள்ளையாக இருக்க முடியாது. நீலிமலை ஏற்றத்தில் பாருங்கள்: தலையில் கையகல இருமுடி, கழுத்தின் இரு பக்கமும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு தோளில் ஒரு குட்டிச்சாமி. அவனுடைய இருமுடியும் அப்பாவின் கையிலேயே வருகிறது. மூச்சு வாங்கப் படியேறுகிறவரின் முடியைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்கிறான்:

"அப்பா, இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?"